காலி மேடைக்குப் பத்து நிமிடம்

மார்ச் 4

அன்புள்ள சிட்டுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்டால் பதில் வராது, இருந்தாலும் கேட்டுவைக்கிறேன். போன் செய்தால் நாலாவது மணியில் கட் பண்ணுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்குள் நாலு வரியாவது கண்ணில் படாதா என்ற நப்பாசைதான்.

இசை விழாவுக்கு இன்னும் ஆறு வாரம். சந்தைத் திடலில் மேடைக்கு மூங்கில் வந்து இறங்கிவிட்டது. வழக்கம்போல ஊரில் பாதிப் பேருக்குக் கலைப் பித்து தலைக்கேறிவிட்டது. பல் டாக்டர் இந்த வருடமும் புல்லாங்குழலாம். வருடம் முழுக்க அடுத்தவரை வாயைத் திறக்கச் சொல்கிற மனுஷன், தான் வாயை வைத்தால் வெறும் காற்றுதான் வருகிறது. இஸ்திரிக்காரர் வீட்டில் நாடகம். மருமகன் ராஜா, மாமனார் சேவகன். "வீட்லதான் நடக்கல, மேடையிலயாவது நடக்கட்டுமே"ன்னு மருமகன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். நான் கடை வாசலில் ஸ்பீக்கர் பெட்டி எட்டையும் இறக்கி வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது பெட்டிக்குள் எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன், திட்டாதே. நிகழ்ச்சிப் பட்டியலில் உன் பெயரை எழுதியிருக்கிறேன். இரண்டாம் நாள், சாயங்காலம் ஐந்து மணி, பத்து நிமிடம். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும்கூட எழுதினேன். உன்னிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

நம் விழாவின் விதி உனக்கே தெரியும். பெயர் இருப்பவர் வராவிட்டால் அந்த நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. விளக்கு எரிய வேண்டும், மைக் நிற்க வேண்டும், ஊர் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். இரண்டு வருடமாக உனக்காகக் காத்திருந்தோம். மூன்றாவது வருடமும் வராவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள், அதற்கப்புறம் எழுதவே முடியாது. இது மூன்றாவது வருடம்.

வந்துவிடேன்.

இப்படிக்கு,
மைக்கக்கா
(ஊரே அப்படிக் கூப்பிடுகிறது, எனக்கே என் பெயர் மறந்துவிட்டது)


மார்ச் 12

அக்காவுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன், கோபம் இரண்டு மடங்கானது.

யாரைக் கேட்டு என் பெயரை எழுதினாய்? இரண்டு வருடமாக நான் இல்லாத மேடையை ஊரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறது! முதல் அவமானம் போதாது என்று வருடா வருடம் திதி மாதிரி கொண்டாடுகிறாயா?

உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. பல்லவி முடிந்து சரணம் எடுக்கிறேன். அப்போது எட்டுப் பெட்டியிலிருந்தும் உன் குரல்: "இவளுக்கெல்லாம் எதுக்கு பாட்டு? பேசாம வீட்டுல கெடக்கலாம்ல." பக்கத்தில் இருந்த டீக்கடை அக்காவிடம் நீ முணுமுணுத்தாய். உன் மேசையில் இருக்கும் மைக்கை அணைக்க மறந்துபோனாய். ஊரில் அத்தனை கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் மைக் செட் போடுகிறவள், என் பாட்டில் மட்டும் மறந்தாய். திடல் முழுக்கச் சிரிப்பு. நான் பாதிப் பாட்டில் இறங்கினேன், மறுநாள் பஸ் ஏறினேன்.

இங்கே மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை நன்றாகப் போகிறது. நாற்காலியில் உட்காரவைத்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்கிறேன். குளியலறையில்கூடப் பாடுவதில்லை. வாயைத் திறந்தால் உன் குரல்தான் முதலில் கேட்கிறது.

என் பெயரை அடித்துவிடச் சொல்.

இப்படிக்கு,
உன் தங்கை
(சிட்டு என்று இனிமேல் எழுதாதே)


மார்ச் 20

அன்புள்ள தங்கைக்கு,

உத்தரவுப்படி எழுதியிருக்கிறேன். எழுதும்போது யாரோ அந்நியருக்கு எழுதுவது மாதிரி இருக்கிறது.

பெயரை அடிக்கச் சொல்லிக் கடிகாரக்காரரிடம் போனேன். பதிவேடும் மணியும் இன்னும் அவர் கையில்தான். "பேருக்கு உரியவங்களே நேர்ல வந்து, சொந்தக் கையால அடிக்கணும். இல்லன்னா மூணு வருஷம் முடியட்டும்" என்றார். 'நான் கூடப்பிறந்தவள் ஐயா' என்றேன். "கூடப் பிறந்தீங்க சரி, கூடவா பாடுனீங்க?" என்று கேட்டுவிட்டார். சுருக்கென்றது.

அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அன்றைக்கு உன் சுருதி கொஞ்சம் விலகியது. நான் சொன்னது அதற்காக இல்லை. சின்ன வயதில் நானும்தான் பாடினேன். உன் குரல் வந்ததும் என்னை யாரும் பாடச் சொல்லவில்லை. நான் மைக் பிடித்தேன், வயர் இழுத்தேன், நீ பாடினாய். அத்தனை வருடமும் நெஞ்சுக்குள் ஒரு ஓரமாகப் புகைந்துகொண்டே இருந்தது. உன் சுருதி விலகியதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் வாய் வழியாக வந்தது. பொறாமைடி, வேறொன்றுமில்லை. மூன்று வருடம் யோசித்து இந்த ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்திருக்கிறேன். மன்னித்துவிடு.

உன் பத்து நிமிடத்தை அவமானம் என்கிறாய். இங்கே வந்து பார். முதல் வருடம் கொஞ்சம் நெளிந்தார்கள், நிஜம். போன வருடம் யாரும் எழுந்துகூடப் போகவில்லை. பல் டாக்டரின் மனைவி சொல்கிறாள்: "மூணு நாள்ல காதுக்கு ஓய்வு கெடைக்கிறதே அந்தப் பத்து நிமிஷந்தான். சீக்கிரம் வந்து இடம் புடிச்சுட்டேன்."

வா. பாடாவிட்டாலும், வந்து உன் கையால் அடித்துவிட்டாவது போ.

இப்படிக்கு,
அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

வர முடியாது. லீவு இல்லை, மனசும் இல்லை. எதிர்பார்க்காதே.

பொறாமை என்று எழுதியிருந்ததைப் படித்தேன்.

மூன்றாவது பெட்டியில் இருந்த எலி போய்விட்டதா? அந்தப் பெட்டி ஏற்கெனவே கரகரவென்றுதான் பேசும்.

தங்கை


ஏப்ரல் 23

அக்காவுக்கு,

விழாவன்று கட்டிப் பிடித்து அழுததில் ஒன்றுமே பேச முடியவில்லை. கடைசி பஸ்ஸையும் விட முடியாது. அதனால் விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

பெயரை அடிக்கத்தான் வந்தேன். சத்தியமாக. கடையிலிருந்து பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, ஐஸ் வண்டிக்குப் பின்னால் நின்றேன். ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை என்று நினைத்தேன். ஐஸ்காரர் மட்டும், "ரொம்ப நாளாச்சும்மா, வழக்கம்போல ரெண்டா?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிட்டார்.

ஐந்து மணிக்குக் கடிகாரக்காரர் மணி அடித்து என் பெயரை வாசித்தார். விளக்கு எரிந்தது. மேடையில் மைக் மட்டும் நின்றது. அத்தனை கூட்டமும் கப்சிப். யாரும் என்னைக் கேலி செய்யவில்லை அக்கா. பல் டாக்டர் வீட்டு அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

பாதி நேரம் போயிருக்கும். எட்டுப் பெட்டியிலும் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு உன் குரல், மெதுவாக: "வாடி... அக்கா இருக்கேன்ல." அப்புறம் என் பாட்டு. நீ பாடுகிறாய்! டீக்கடை அக்கா எழுந்து உன்னைப் பார்த்து 'ஸ்விட்ச், ஸ்விட்ச்' என்று கையை ஆட்டுகிறார். நீ கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாய். யாருமே சிரிக்கவில்லை.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. சுருதியா அது? மூன்றாவது பெட்டியே பரவாயில்லை. சகிக்க முடியாமல்தான் நான் வாயைத் திறந்தேன், பாசத்தால் என்று நினைத்துக்கொள்ளாதே. நின்ற இடத்திலிருந்தே சரியான சுருதியை எடுத்துக் கொடுத்தேன். நீ பிடித்துக்கொண்டாய். அப்படியே நாற்காலிகளுக்கு நடுவில் பாடிக்கொண்டே நடந்தேன். கையில் ஐஸ் உருகி வழிகிறது. கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. மேடைப் படியில் ஒரு காலை வைத்தேன், டாண் என்று மணி அடித்துவிட்டார் அந்தக் கறார் மனுஷன்!

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வந்ததாகக் கணக்கா, வராததாகக் கணக்கா என்று அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் கடிகாரக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஒரு கால் மேடையில இருந்துச்சு. நானே பார்த்தேன்" என்று பதிவேட்டில் 'வந்தார்' என்று எழுதினாரே, அப்போது ஊர் போட்ட சத்தம் இருக்கிறதே! அவருக்கு அந்தத் தூரம் தெரிந்திருக்காது. அந்தக் கண்ணாடியின் பவரை நான் பார்த்தேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். உண்மையைச் சொல். அந்த ஸ்விட்ச்சை மறந்தாயா, வேண்டுமென்றே போட்டாயா?

இப்படிக்கு,
சிட்டு


மே 1

அடி என் சிட்டு,

கடைசியில் நீ போட்ட கையெழுத்தைத்தான் முதலில் படித்தேன். டீக்கடை அக்காவிடமும் காட்டினேன். அவளும் ஒரு மூச்சு அழுதாள், பால் பொங்கிவிட்டது.

மைக் செட்காரி ஒரே தப்பை இரண்டு தடவை செய்வாளா? வேண்டுமென்றேதான் போட்டேன். ஊருக்கு முன்னால் சொன்னதை ஊருக்கு முன்னால்தானே திருப்பி வாங்க வேண்டும்? இது கடைசி வருடம், அடுத்த தடவை அந்தப் பத்து நிமிடம் கிடைக்காது. நாலு வரி மன்னிப்பு எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஸ்விட்ச்சைப் போட்டதும் ஒரு எழுத்துகூட வாயில் வரவில்லை. வந்தது அந்தப் பாட்டுதான். நீ ஐஸ் வண்டிக்குப் பின்னால் நிற்பது எனக்கு எப்படித் தெரியும்? உன் குரல் கேட்டபோது, நெஞ்சுக்குள்தான் கேட்கிறது என்று நினைத்தேன். டீக்கடை அக்கா உலுக்கிய பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.

கடிகாரக்காரர் கண்ணாடி மாற்ற உன் கடைக்கு வருகிறாராம். நல்ல கண்ணாடியாகக் கொடு. விழா முடிந்த பிறகு மாற்றுகிறார் பார், அதுதான் நம் அதிர்ஷ்டம்.

நேற்று அடுத்த வருடப் பதிவேடு திறந்தார்கள். உன் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே என் பெயரையும் எழுதிவிட்டேன். என் நிஜப் பெயரை! எழுதுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருந்தது. ஊருக்கு இப்போதே கவலை வந்துவிட்டது. "மைக்கக்கா வராம இருந்தா பத்து நிமிஷம் ஓய்வாவது கெடைக்கும்"னு பல் டாக்டர் வீட்டம்மா வாய்விட்டே சொல்லிவிட்டாள். நான் கட்டாயம் வருவேன்.

நான் மேடையில் நின்றால் ஸ்பீக்கர் மேசைக்கு ஆள் வேண்டும். ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடு, எல்லா ஸ்விட்ச்சையும் சொல்லித்தருகிறேன். என் பாட்டு முடிகிற வரைக்கும் அந்த மேசையில் நீதான் உட்கார வேண்டும்.

சுருதி விலகும். விலகினால் பக்கத்தில் இருப்பவளிடம் தாராளமாகச் சொல்லிக்கொள். உன் மைக்கை மட்டும் அணைத்துவிட்டுச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா