மொரி இறக்கிய சிவப்புக் கொடி

என் இஞ்சாருங்கோ,

இத்தனை காலமும் உங்களைப் பேர் சொல்லாமல்தான் கூப்பிட்டேன். இப்போது மட்டும் புதிதாக என்ன பேர்? இந்தக் கூப்பிடலுக்குத் திரும்பிப் பார்க்கிறவர் நீங்கள் ஒருவர்தானே.

மெல்பேர்னில் குளிர் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் கலர் டிவி வாங்கியிருக்கிறார்கள், சிரிப்புச் சத்தம் இங்கே வரை கேட்கிறது. எங்கள் வீட்டில்தான் சத்தமே இல்லை. வாய் ஓயாத பிள்ளை என்று நீங்கள் சொல்வீர்களே வதனியை, அவள் நீங்கள் போனதிலிருந்து ஓம், இல்லை என்பதோடு சரி. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. உங்களையும் இழந்து பிள்ளையையும் இழந்துவிடுவேனோ என்று பயந்து செத்தேன்.

உங்கள் மூங்கில் வாளை மட்டும் அவள் விடவில்லை. உங்களோடு வேலை செய்த ஜப்பான்காரர் மொரி, சனிக்கிழமைகளில் வந்து அவளைக் கெண்டோ வாள் பயிற்சிக்குக் கூட்டிப் போவார். ஆனால் அந்த மனிதர்மேல் எனக்கு உள்ளுக்குள் ஒரு கசப்பு. உங்கள் செத்தவீட்டில் கல்லுப்போல நின்றார். ஐயர் இல்லாத இந்த ஊரில் உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை நாங்களே தட்டுத்தடுமாறிச் செய்து முடிக்கும்வரை, பின்னேரத்தில் வருவார், குசினிப் பைப்பைத் திருத்துவார், தலை குனிந்துவிட்டுப் போய்விடுவார். ஒரு ஆறுதல் வார்த்தை கிடையாது. இதே மனிதர் பேஸ்பால் பார்க்கப் போனால் உங்களோடு சேர்ந்து தொண்டை கிழியக் கத்துவாரே! ஆட்டம் முடிந்ததும் தொப்பியைக் கழற்றி வெறும் மைதானத்தைக் கும்பிட்டதையும் பார்த்திருக்கிறேன். மைதானத்துக்குக் காட்டிய மரியாதை எனக்குக் கிடைக்கவில்லையே என்று மனதுக்குள் திட்டினேன்.

போன சனி வதனிக்கு முதல் போட்டி. உங்கள் கைத்துண்டைத் தலையில் கட்டி, அதன்மேல் அந்தக் கம்பிபோட்ட முகமூடியை மாட்டினாள். எதிரே அவளைவிட உயரமான ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. ஒரு கூச்சல், ஒரு பாய்ச்சல், அந்தப் பிள்ளையின் உச்சந்தலையில் வதனியின் அடி விழுந்தது. வதனிக்குப் புள்ளி என்று நடுவர்களின் சிவப்புக் கொடிகள் உயர்ந்தன. வதனி வாளைத் தூக்கிக்கொண்டு, "அப்பா!" என்று கத்தித் துள்ளினாள். என் பிள்ளைக்குக் குரல் வந்துவிட்டது, இஞ்சாருங்கோ. நான் எழும்பி நின்றுவிட்டேன்.

தலைமை நடுவர் மொரி. மற்ற நடுவர்களைக் கூப்பிட்டுக் கதைத்தார். பிறகு கொடியை இறக்கி, புள்ளி இல்லை என்றுவிட்டார். அடி சரிதானாம். அடித்த பிறகு துள்ளியதுதான் பிழையாம்.

"நான் வெண்டனான் அம்மா. அப்பாவுக்குத்தானே சொன்னனான். அதுக்கு ஏன் பறிச்சவை?" என்று கேட்டு, அத்தனை மாதமும் அழாத பிள்ளை விம்மி விம்மி அழுதாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இனி இந்தப் பக்கம் பிள்ளையை அனுப்புவதில்லை என்று வாளைத் தூக்கிக்கொண்டு நேரே மொரியிடம் போனேன். தகப்பனில்லாப் பிள்ளையின் ஒரு துளிச் சந்தோஷமும் உமக்குப் பொறுக்கவில்லையோ என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. தோற்றவர் எதிரே நிற்கும்போது வென்றவர் மகிழ்ச்சியைக் காட்டக் கூடாது, அதுதான் கெண்டோவின் ஒழுங்கு, வதனியின் அப்பாவும் அதைக் காத்தவர் என்று மட்டும் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய மனைவி கைக்குழந்தையோடு வந்தார். எத்தனையோ வருடம் கழித்து உண்டாகியிருக்கிறார் என்று நீங்கள் ஆசையாகச் சொன்னீர்களே, உங்கள் சாவோடு அதை அடியோடு மறந்துபோனேன். எத்தனை மாதம் என்று கேட்டேன். அவர் ஒருதரம் புருஷனின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். நீங்கள் போன அதே கிழமை பிறந்த பிள்ளையாம். ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்துவிட்டுத்தான், அந்தக் கல்லு முகத்தோடு எங்கள் பைப்பைத் திருத்த வந்திருக்கிறார்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்கள் வாசலில் நின்று அதை எந்த முகத்தோடு சொல்வது?" என்றார்.

மனைவி பிள்ளையை என்னிடம் நீட்டினார். தாலி கழற்றினவளின் கையில் எங்களூரில் பச்சைப்பிள்ளையைத் தரமாட்டார்கள் என்று ஒதுங்கப் பார்த்தேன். மொரியின் மனைவிக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? பிள்ளையை என் கையில் வைத்துவிட்டார். பெடியன். அழுத கண்ணோடு வதனி வந்து எட்டிப் பார்த்தாள். உங்களுக்கு இது எல்லாம் தெரிகிறதா?

வாளை வதனியிடமே கொடுத்துவிட்டேன். அவள் கெண்டோவுக்குப் போகட்டும். வருகிற ஞாயிறு, நீங்கள் அவளுக்குக் குழந்தையில் வாங்கிய வெள்ளிக்காப்பை அந்தப் பெடியனுக்காக மினுக்கி எடுத்துக்கொண்டு மொரி வீட்டுக்குப் போவேன். கதவு திறந்ததும், அந்த மனிதர் தலை குனிவதற்கு முன்னால், நான் வாய்விட்டுச் சிரிப்பேன். அழுகை வந்தாலும் சிரிப்பேன். தோற்றவள் நான்தானே. நான் சிரித்தால்தான் அவரும் தன் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கலாம். இது உங்கள்மேல் சத்தியம்.

என்றைக்கும் உங்கள் மனிசி,
வதனியின் அம்மா