குரைக்கிற பிள்ளை

பேசாலை
11.02.2024

அன்பின் ராணிக்கு,

மாதாவின் காவலில் இங்கே மூன்று பேரும் முழுசாக இருக்கிறோம். உன் மேடம் போனைப் பறித்து வைத்திருக்கிறாளாம். அங்கே உனக்குப் பக்கத்து வீட்டில் வேலை செய்கிற நுஸ்ரியா தன் வீட்டாருக்குச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய நானா, அதுதான் அவளின் அண்ணன், லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

பிள்ளைகள் சுகம். அவர்களுக்குச் சுகம் கூடித்தான் எனக்குச் சுகமில்லை. ஹம்சிகாவுக்குத் தலை பின்னப் பழகிவிட்டேன். ஆனால் கைக்கு வலை முடிச்சுத்தான் வருகிறது. ரீச்சர் அவிழ்க்கப் பார்த்து முடியாமல், "கொப்பாவையே வரச் சொல்லு" என்று அனுப்பிவிட்டா. டிலக்சன் இடியப்பத்தை வாசலில் நிற்கிற கழுதைக்குக் கொடுக்கிறான். இப்போது அது காலையில் யன்னலுக்குள் தலையை விட்டு, சம்பல் இல்லையா என்று பார்க்கிறது. கழுதை என்றதும் உன் அண்ணன் வந்துபோனது ஞாபகம் வருகிறது. கோபிக்காதே, அவர் சுகமாகத்தான் இருக்கிறார்.

எங்கே விட்டேன்? நான் தொழிலுக்குப் போகிற இரவுகளில் என் அக்கா திரேசம்மா வந்து பிள்ளைகளோடு படுக்கிறா. விடிந்ததும் அவவும் கருவாடு காயப்போடப் போய்விடுவா. பிறகு பிள்ளைகள் இரண்டு பேரும் கரையில் என்னோடுதான். போன கிழமை வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் டிலக்சன் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறான், சிரித்துக்கொண்டு. தலைமயிரில் பிடித்துத்தான் இழுத்தேன்.

அன்றிலிருந்து அவன் இடுப்பில் மெத்தென்ற கயிறு, முதுகில் இரண்டு மிதவை, மறு நுனி கரையேற்றின வள்ளத்தில். எஞ்சினோ பெட்டியோ, இழக்க ஏலாததைத்தானே நாங்கள் கட்டி வைப்போம். ஹம்சிகா "நாய்க்குட்டி" என்று கூப்பிடுகிறாள். அவன் குரைக்கிறான். நன்றாகவே குரைக்கிறான்.

உன்
சசிகரன்

குவைத்
20.03.2024

ஹம்சி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆனால் அதற்கு முதலே எனக்குத் தெரியும். குப்பை போடப் போன இடத்தில் நுஸ்ரியா தன் போனில் ஒரு வீடியோ காட்டினாள். யாரோ கடற்கரை பார்க்க வந்தவர்கள் எடுத்துப் போட்டது. வள்ளத்தில் கட்டின பிள்ளை ஒன்று குரைக்கிறது. ஐயோ, ஆர் பெத்த பிள்ளையோ என்றேன். பிறகுதான் சட்டையைப் பார்த்தேன். நான் பார்சலில் அனுப்பின சட்டை.

கீழே சனம் எழுதியிருந்ததை நுஸ்ரியா வாசித்துக் காட்டவில்லை. "வேணாம் ராணி" என்றாள்.

உங்களில் எனக்குக் கோபம்தான். ஆனால் ஒன்று. மேடத்தின் மகனை நான் ஒவ்வொரு நாளும் தள்ளுவண்டியில் வைத்து, நெஞ்சிலும் காலிடுக்கிலும் வார் போட்டு இறுக்கிக் கடைத்தெருவெல்லாம் தள்ளிக்கொண்டு போகிறேன். பார்க்கிறவர்கள் அவனுக்குக் கையசைக்கிறார்கள்.

பாஸ்போட் மேடத்தின் அலுமாரிக்குள். கேட்டேன். ஒப்பந்தம் முடியட்டும் என்கிறாள். அதற்கு இன்னும் ஒன்றரை வருசம் கிடக்கிறது.

அரசாங்கக் கந்தோரில் இருந்து ஆட்கள் விசாரிக்க வந்தால் சத்தம் போடாதீங்கோ. பகிடியும் விடாதீங்கோ. உங்கட பகிடி எல்லாருக்கும் விளங்காது.

ராணி

பேசாலை
28.04.2024

அன்பின் ராணிக்கு,

உன் கடிதம் ஒரு நாள் பிந்திவிட்டது. அதற்கு முதல் நாள்தான் சிறுவர் பாதுகாப்புப் பகுதி மிஸ் வந்தவ. நல்ல பிள்ளை, வெயிலில் நடந்து வந்திருந்தது. கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்தேன்.

"ஏன் கட்டினனீங்கள்?"

"கடலுக்குள்ள இறங்குவான், மிஸ்."

"குரைக்கப் பழக்கினதும் நீங்களோ?"

"இல்லை மிஸ். அது அவன்ர சொந்தத் திறமை."

எழுதிக்கொண்டா. சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கழுதை யன்னலுக்குள் தலையை விட்டது. அதையும் எழுதினாவோ தெரியாது.

கோட்டில் வழக்குப் போட்டுவிட்டார்கள். தவணை வரைக்கும் வீட்டில் ஒரு பெம்பிளை எந்நேரமும் நிற்க வேண்டுமாம். அக்காவைக் கேட்டேன். அத்தான் மறித்துப்போட்டார். "அவையள் எங்கட பிள்ளைகளையும் எண்ண வெளிக்கிடுவினம்" என்கிறார். உன் அண்ணனிடமும் போனேன், ராணி. கழுதைப் பகிடி ஒன்றும் விடவில்லை. அண்ணிக்கு ஏலாது என்றுவிட்டார்.

இப்போது தொழிலுக்குப் போவதில்லை. போனால் பிள்ளைகள் இல்லை, போகாவிட்டால் சோறு இல்லை. நேற்று ஹம்சிகா தன் சோற்றைத் தம்பிக்கு வைத்துவிட்டு, வயிறு நோகுது என்றாள். எனக்கு அந்தப் பொய் விளங்காது என்று நினைக்கிறாள்.

மேடத்தின் காலில் விழுந்தாவது கேள். நான் விழுந்து கும்பிடக்கூடிய கால்கள் இங்கே முடிந்துவிட்டன.

சசிகரன்

பேசாலை
07.07.2024

அன்பின் ராணிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. மேடம் வீட்டார் உன்னையும் கூட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டார்கள், எங்கே என்று தெரியாது என்கிறாள் நுஸ்ரியா. ஆனாலும் எழுதுகிறேன். அவள் எப்படியும் உன்னைத் தேடி இதைத் தருவாள்.

கோட்டில் தீர்ப்புச் சொல்லியாயிற்று. நீ வரும்வரை பிள்ளைகள் எங்கள் தீவுக்கு அப்பால், பெருநிலத்தில், கன்னியாஸ்திரிமாரின் இல்லத்தில். நான் ஞாயிறுகளில் போய்ப் பார்க்கலாம்.

குறை சொல்லக்கூடாது. சிஸ்டர்மார் தங்கமானவர்கள். மூன்று நேரமும் சாப்பாடு. ஹம்சிகாவுக்கு உச்சி எடுத்து அழகாகப் பின்னியிருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது, என்ன வடிவு என்று.

இன்று போனபோது இரண்டு பேரும் ஒரு நீட்டு வாங்கில் ஒட்டி இருந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு. ஓடிவரவில்லை. நான் கொண்டுபோன தொதலை டிலக்சன் இரண்டு கையாலும் வாங்கி, சிஸ்டரின் முகத்தைப் பார்த்தான். அவ தலையை ஆட்டினபிறகுதான் வாயில் வைத்தான். சண்டை பிடிக்கவில்லை, ராணி. பாதியைப் பிய்த்து அக்காவிடம் நீட்டினான்.

நான் ஒரு பகிடி விட்டேன். இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரித்தார்கள்.

மணி அடித்ததும் எழும்பி நின்றார்கள். "நன்றி அப்பா, போட்டு வாங்கோ" என்றான் டிலக்சன். அழவில்லை. ஹம்சிகா என்னைக் கேற்றடி வரைக்கும் கூட்டி வந்து விட்டாள், வீட்டுக்கு வந்த ஆளை வழியனுப்புகிற மாதிரி.

வருகிற வழியில் பஸ்ஸில் ஒரு குழந்தை கத்திக் கத்தி ஊரைக் கூட்டியது. தாய் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டாள். நான் மட்டும், விடு பிள்ளை, கத்தட்டும் என்றேன்.

காசு அனுப்பாதே. சாமான் ஒன்றும் வாங்காதே. எந்த வழியாலாவது வந்துவிடு, ராணி. இந்த இரண்டும் முழுக்க நல்ல பிள்ளைகளாகிவிட முதல் வந்துவிடு.

உன்
சசிகரன்