இரண்டு தெரு தள்ளி இருக்கிற சாமி

மார்ச் 3
வண்டி இன்றும் கிளம்பவில்லை. சாவியைத் திருகினால் டிக் டிக்கென்று பல்லிச் சத்தம். இவர் சட்டை மாட்டி முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார், பாவம். வாதம் வந்து வலது காலை இழுத்துக்கொண்ட பிறகு இவர் வாசல் தாண்டுவதே காலையில் கோவிலுக்கு மட்டும்தான். அதிலும் மண்ணைப் போட்டியே, பாழாய்ப் போன பேட்டரியே! (சாமி, மன்னிச்சுக்கோ. காலங்காத்தால இந்த வாய்.)

மார்ச் 4
கொழுந்தன் மகன் வந்து, தன் வண்டியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பினான். கையோடு ஊசியும் குத்தினான். "உங்களுக்கு வண்டி ராசியே இல்ல, பெரியம்மா. இன்னொரு தடவ நின்னா நான் எடுத்துக்கறேன். பெரியப்பா வீட்டுலயே கும்பிட்டுக்கட்டும்."

இவர் தலையைக் குனிந்துகொண்டு, "எடுத்துக்கட்டும்" என்கிறார்!

எடுத்துருவானா? ஐம்பத்திரண்டு வயசுல லைசென்ஸ் வாங்கினவ நான். பழம் நழுவிப் பால்ல விழும்னு வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிறான்.

மார்ச் 5
சாமியோடும் சண்டை. உன்னைப் பார்க்கத்தானே வருகிறோம்? வழியை மறிப்பதும் நீதானா?

மார்ச் 7
பேட்டரி கடைக்காரன். மனுஷனா அவன்! மூடியைத் திறந்ததுமே அதட்டல்: "முனையெல்லாம் உப்புப் பூத்திருக்கு. தொடைக்கறதே இல்லையா?"

எங்கே போவீர்கள் என்று கேட்டான். இரண்டு தெரு தள்ளிக் கோவில், நான் உள்ளே போய் வரும்வரை இவருக்கு வண்டியில் பாட்டும் ஃபேனும் என்றேன். சிரிக்கிறான்!

"கிளப்பறப்ப பேட்டரியில ஒரு குடம் கரண்ட் போகுதும்மா. ரெண்டு தெரு ஓடினா ஒரு கரண்டிதான் திரும்ப நிறையும். இதுல நின்ன வண்டியில பாட்டு வேறயா? ஒண்ணு நடந்து போங்க, இல்ல அரைமணி நேரமாவது ஓட்டுங்க."

நடக்கணுமாம்! நடக்க முடிஞ்சா எதுக்குடா வண்டி? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பாத்திரங்கள்தான் அடி வாங்கின.

மார்ச் 8
கோபம் ஆறவில்லை. ஆனாலும் ஒன்று தோன்றியது. பக்கத்தில் இருப்பவர் மட்டும்தான் சாமியா? பாலம் தாண்டியும் ஒரு கோவில் இருக்கிறதே, போகவே அரைமணி நேரம் ஆகும். இங்கே இருக்கிறவர் கோவித்துக்கொள்வாரோ? கோவிச்சுக்கட்டும். நான் படறது அவருக்குத் தெரியாதா?

மார்ச் 9
முனையைத் துடைத்தேன். பாட்டு, ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் சாவியைத் திருகினேன். பாலம் தாண்டிப் போய் வந்தோம். பாலத்தில் இவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

ஏப்ரல் 20
தொட்டதும் கிளம்புகிறது. அந்தக் கடைக்காரன் நன்றாக இருக்கட்டும், கடங்காரன்.

ஜூன் 12
கொழுந்தன் மகன் வந்தான். "வண்டி ஓடுதா, பெரியம்மா?" குரலில் எத்தனை ஆசை!

நறுக்கென்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் வாசலில் ஹாரன். குச்சியை ஊன்றி இவராகவே போய் உட்கார்ந்து, பெல்ட்டும் போட்டிருக்கிறார்.

"நேரமாச்சு, வா. இன்னிக்கு எந்தச் சாமி?"

"ஹாரன அடிச்சே பேட்டரியத் தீத்துடாதீங்க!" என்று கத்திக்கொண்டே சாவியை எடுத்தேன்.