ஊறாத வாழைநார்

அன்புள்ள அம்மைக்கு,

பின்லாந்திலிருந்து பிரசீதா. முட்டுவலி குறைந்ததா? அப்பா மருந்தை மறக்காமல் சாப்பிடுகிறாரா? போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

நம்ம ஊர் காரோட்டிலிருந்து நீங்கள் அனுப்பிய வாழைநாரை இங்கே ஆய்வகத்தில் அமிலத்தில் இட்டு, கண்ணுக்குத் தெரியாத படிகங்களாகப் பிரித்திருந்தேன். அவற்றைக் கலந்தால் பிளாஸ்டிக் உறுதியாகும். ஐந்து மாத வேலை, ஒரு குப்பிக் கூழாக இருந்தது. கெட்டுவிடுமோ என்று பயந்து, மரச்சீனிக் கிழங்கைப் போல ஈரமில்லாமல் காயவைத்து உணக்கிவிட்டேன். "உணக்கி வச்சா எத்தன மாசமும் இருக்கும் மக்கா, நனைச்சா பழையபடி வந்திரும்" என்பீர்களே. இது வரவில்லை. நான்கு நாள் தண்ணீரில் கிடந்தும் கல்லாகவே இருக்கிறது. அதைக் கலந்து செய்த தகடு அப்பளமாக ஒடிந்தது.

ஈரத்தோடுதான் வைக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். கை தானாகச் செய்துவிட்டது. சிரிப்பாக்கும் இல்லையா?

பேராசிரியர் திட்டவே இல்லை. என் வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார். இப்போது என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் தனியாகத்தான்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. நார் இனி அனுப்ப வேண்டாம். உணக்கின கிழங்கு ஒரு பொதி அனுப்புங்கள். நனைத்தால் பழையபடி வருகிற ஒன்றையாவது நான் பார்க்க வேண்டும்.

உங்கள்
பிரசீதா