மயிலம்மா திரும்பி வரவில்லை

வெள்ளவத்தை
2025 பெப்ரவரி 9

அன்பின் பிறிஜெற்,

மெல்பேர்ணிலிருந்து நீ அனுப்பிய உன் நாவல் பிரதிகள் வந்து சேர்ந்தன. கொட்டாஞ்சேனையில் உன் அம்மாவுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, மிச்சத்தை எங்கள் மாடிவீட்டு வாசகர் வட்டத்தில் பகிர்ந்தேன். அந்தக் காலத்தில் வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய சனங்களின் கதை என்றதும் ஆளாளுக்குப் பறித்தார்கள். நாகேந்திரம் மாஸ்டர், "நான் பிறந்த காடு பிள்ளை, எரிச்ச புகை இப்பவும் மணக்குது" என்று கண் கலங்கினார். டில்ஷானி, குரங்கிறைச்சி சமைக்கிற இடத்தை வாசித்துவிட்டு மத்தியானம் சாப்பிடவே இல்லையாம். என் மாமியோ ஒன்பதாம் அத்தியாயத்தில் புத்தகத்தை மூடிவிட்டுப் போய்க் கை கழுவினார்! "சீ, உந்த மயிலம்மாவையும் ஒரு பெம்பிளை எண்டு எழுதியிருக்கிறாளே உன்ர சிநேகிதி" என்று எனக்கும் சேர்த்துப் பேச்சு.

நான் இன்னும் தொடவில்லையடி. மகன் தவழத் தொடங்கிவிட்டான். பிளக், கதவிடுக்கு, பால்கனி என்று பார்க்கிற இடமெல்லாம் எனக்குப் பயம். இந்த மின்னஞ்சலைக்கூட அவன் தூங்கிய பிறகுதான் எழுதுகிறேன். அப்படி என்னதான் எழுதி வைத்திருக்கிறாய்?

உன் தனுஷியா


மெல்பேர்ண்
2025 பெப்ரவரி 12

என் தனு,

மாமி கை கழுவினாரா? எனக்கு வேறு விருதே வேண்டாம். இங்கேயும் இரண்டு பேர் அந்த அத்தியாயத்தைத் திட்டி எழுதினார்கள். ஒருவர் விடிய விடிய அழுதாராம். நாவலின் உயிரே அதுதான்.

வாசிக்கும்போது ஓரிடம் உனக்கு உறுத்தும். கோவிக்காதே. பெயர், ஊர், காலம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்தானே? யாருக்கடி தெரியப்போகிறது?

உன் மகனுக்கு முத்தங்கள்.

பிறிஜெற்


வெள்ளவத்தை
2025 பெப்ரவரி 23

பிறிஜெற்,

வாசித்தேன்.

யானை வருகிற வழியில் இருக்கும் காவல் கொட்டிலில் பச்சைப் பிள்ளையைக் கிடத்திவிட்டு மயிலம்மா நடக்கிறாள். "அவன் அழேக்குள்ள என்ர காதுக்குள்ள எறும்பு ஊருது" என்கிறாள். அது என் வாய்ச் சொல். மகன் பிறந்த புதிதில் அவனைப் பால்கனியில் கிடத்திக் கதவையும் சாத்திவிட்டு, ரயில் பாதைவரை நடந்து போனேனே, அன்றைக்கு உனக்குத் தொலைபேசியில் அழுதழுது சொன்னது. என் கணவருக்குக்கூடச் சொல்லாதது. "தனு, அது பிள்ளைப்பேறோடு வருகிற ஒரு வருத்தம், நீ கெட்டவள் இல்லை" என்றாய். அப்படிச் சொல்லிக்கொண்டேதான் என் எறும்பையும் பொறுக்கினாயா?

நேற்று வாசகர் வட்டம் கூடியது. "காட்டு வாழ்க்கையை அச்சாவா எழுதியிருக்கிறா, ஆனா அந்தப் பெம்பிளை... பேயெண்டாலும் ஒருக்காத் திரும்பிப் பாக்கும்" என்றார் மாஸ்டர். "உவளைப்போல ஒருத்தியை நம்பிப் பிள்ளையை விடலாமே?" என்று மாமி கேட்டார். மகன் என் மடியில் இருந்தான். அங்கே கைப்பிள்ளைக்காரி நான்தானே, எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நானும் "சீ" என்றேன்.

வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். உன்னை நினைத்தும், என்னை நினைத்தும்.

எறும்பை எடுத்ததைக்கூட ஒருநாள் மறந்திருப்பேன். ஆனால் மயிலம்மா காட்டுக்குள் போய்விடுகிறாள், யானை வருகிறது, அத்தியாயம் முடிகிறது. நான் அப்படியா போனேன்? ரயில் பாதைக் கேற்றடியில் ரயில் கடந்து போகும்வரைகூட நான் நிற்கவில்லை. லிப்ட்டுக்குக் காத்திராமல், செருப்பும் கழன்று போக, படி முழுவதும் ஓடித்தான் ஏறினேன். அவன் விரல் சூப்பியபடி தூங்கிப்போயிருந்தான். அதையும் அன்றைக்கே உனக்குச் சொன்னேன். அது மட்டும்தான் உன் நாவலுக்குத் தேவைப்படவில்லை.

இனி எனக்கு எழுதாதே.

தனுஷியா