வெள்ளைத் துணி காயும் காற்று

பிசெர்த்தில் நம் மகள் வீட்டில் கடற்காற்று வாங்கிக்கொண்டிருப்பவளுக்கு,

இன்று காலை பக்கத்து வீட்டு மப்ரூகா மாடியில் வெள்ளை விரிப்பைக் காயப்போட்டாள். மாலையில் வெள்ளையாகவே எடுத்தாள். ஆலிவ் தோப்புகளில் வெட்டிய கிளைகளை எரிக்கத் தொடங்கியதிலிருந்து ஊரில் யாரும் வெள்ளைத் துணியை வெளியே போட்டதில்லை. நான் கேட்பதற்கு முன்பே மதில்மேல் எட்டிப்பார்த்தாள்.

"மோந்து பாருங்கண்ணே, சோப்பு வாசனைதான். அக்காவ வரச் சொல்லுங்க. இப்போ புகையைவிட உங்க சமையல் வாடைதான் தாங்கல."

ஆனால் ஒரு குவியல் பாக்கி இருக்கிறது. உன் தம்பி லஸ்ஹருடையது. நம் தோப்புக் கிளைகளை ரொட்டி அடுப்புக்குக் கொடுத்துவிட்டேன். அவனோ எல்லோரையும்போல விடியற்காலையில், காற்று அசையாத நேரத்தில் கொளுத்தப் போனான். அப்போதுதான் தீ பரவாதாம். புகை ஊருக்குள்ளேயே படுத்துக்கிடப்பது யார் கணக்கிலும் வருவதில்லை. காற்று வீசும் நாளில் கொளுத்தலாம் என்று அவனைத் தடுத்தேன்.

"அக்காவுக்காகக் காத்தையும் நானே கூட்டிட்டு வரணுமா மாமா?"

"அது வர்ற வரைக்கும் பொறு மாப்ள. போன வருஷம் அவ மூச்சுத் திணறினப்போ ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டினது நீதானே."

அவன் தீப்பெட்டியை என் கையில் வைத்துவிட்டுப் போனான். நான் கெஞ்சியதாக யாராவது சொன்னால் நம்பாதே.

வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து மலைப்பக்கமாகக் காற்று வீசும் என்கிறது வானொலி. அன்று எரிக்கிறோம். சனிக்கிழமை உன் தலையணை உறையை மாடியில் போடுவேன். மாலையில் அது வெள்ளையாக இருந்தால் தொலைபேசியில் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தில் ஏறிவிடு. இல்லாவிட்டால் மறுபடி துவைத்துப் போடுகிறேன். வெள்ளையாகவே எடுக்கும் நாள்வரை போடுகிறேன்.

இப்படிக்கு,
தீப்பெட்டியைச் சட்டைப்பையில் வைத்திருப்பவன்