டச்சுக் காசு மாதிரி

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. கடை திறந்தும் திறக்காத கணக்குதான். கொச்சி மட்டாஞ்சேரியில் டூரிஸ்ட் சீசன் முடிந்தது. தெருவில் குடைகளும் ஒரு நாயும் மட்டும்.

செய்தது: மர யானைகளைத் துடைத்தது. பாசிமாலை கோத்தது. இணைய ஏலத்தில் சில சாமான்கள் ஏற்றியது. அதில் ஒன்று நம் டச்சுக் காசு. கலூரில் ஒருவர் அச்சில் வார்த்து, கறுக்க வைத்துத் தருவது. டூரிஸ்டுகள் சாவிக்கொத்தோடு சேர்த்து வாங்கிப் போவார்கள். நேர்மையாக "டச்சுக் காசு மாதிரி" என்றே எழுதினேன். என் வீட்டுக்காரர் இவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. என் தமிழும் வீட்டில் கற்றதுதான்.

ஜூன் 11

துணி காயவே இல்லை. ஈர வாடை.

காசுக்கு ஏலம் எகிறுகிறது. ஏன் என்று பார்த்தால், அந்த ஏலச் செயலி என் "மாதிரி"யை ஆங்கிலத்தில் "ஸ்பெசிமன்" என்று போட்டிருக்கிறது. காசு சேர்ப்பவர்களிடம் அதற்கு அர்த்தமே வேறு. பொதுவில் விடும் முன் தனியாக அடித்துப் பார்த்த காசு. அபூர்வம். ஏலம் தொடங்கிய பிறகு தலைப்பை மாற்ற முடியாதாம். கீழே விவரத்தில் "புதிதாக வார்த்தது" என்று சேர்த்தேன். யாரும் அதைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

இவரிடம் சொன்னேன்.

"நீ கள்ளம் ஒண்ணும் எழுதலையில்ல? அவங்க இஷ்டத்துக்கு ஏலம் விளிக்கறாங்க. நமக்கென்ன?"

கல்லா காய்ந்து கிடக்கிறது. அவரைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. அலுப்பு.

ஜூன் 12

வாங்குகிறவள் நானாக இருந்தால் கேட்பது: எடை எவ்வளவு. விளிம்பின் படம். இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் எடுத்த படம். எங்கே கிடைத்தது. பிடிக்காவிட்டால் திரும்ப எடுப்பீர்களா.

யாராவது ஏதாவது ஒன்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாள் முழுக்க ஃபோனும் கையுமாக இருந்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை.

படகுத்துறையில் யாரோ சொன்னது: "போட்டோல நல்ல ஷர்ட்டு. இட்டு நோக்கினா கேறுன்னில்ல சேட்டா." ஆன்லைனில் வாங்கிய சட்டை நுழையவில்லையாம். சிரிப்பு வந்தது, கொஞ்ச நேரம்தான்.

மீன் வாங்க மறந்தேன். முட்டை.

ஜூன் 13, வெள்ளி

பொள்ளாச்சிக்காரர் ஒருவர்தான் முன்னால் நிற்கிறார். (இனி பொ.காரர்.) விடாமல் ஏற்றுகிறார். நானே செயலி வழியாகக் கூப்பிட்டேன். ரிட்டயரான பஸ் கண்டக்டர். ஒழுகுகிற கூரை ஓடுகளை மாற்ற வைத்திருந்த பணமாம். இந்தக் காசை வாங்கி நல்ல விலைக்கு விற்று, கான்கிரீட்டே போட்டுவிடுவாராம்.

"அண்ணா, அது பழசில்ல. இப்ப வார்த்தது."

"வேற ஆரோ கூடக் கேக்கறாங்க, அதானுங்களே அம்மணி? காலமெல்லாம் சில்லறை எண்ணுனவனுங்க நானு. படத்தப் பாத்தாலே தெரியுமுங்க. வேற ஆளுக்குக் குடுத்துப்போடாதீங்க."

நான் சொல்லச் சொல்ல அவருக்கு நம்பிக்கை கூடியதுதான் மிச்சம். ஃபோனை வைத்ததும் இன்னும் ஏற்றியிருக்கிறார்.

ஜூன் 14

சாயா குடிக்காமலே ஆறிப்போனது.

"அவர் வீடு ஒழுகுதாம்," என்றேன்.

"நம்ம கடையும்தான் ஒழுகுது," என்றார்.

அப்புறம் அவரே எழுந்து போய், காசைக் குறட்டில் பிடித்து ரம்பத்தால் அறுத்தார். உள்ளே மஞ்சளாகப் புதுப் பித்தளை. டச்சுக் காசு என்றால் செம்பு. வீடியோ எடுத்துப் பொ.காரருக்கு அனுப்பினேன். ஏலத்தை ரத்து செய்தேன். உடனே கடைப் பெயருக்குக் கீழே சிவப்புக் குறி, நம்பகம் குறைவு என்று.

"இனி ஆரு வாங்குவாங்க நம்மகிட்ட?" என்றார் கையைத் துடைத்துக்கொண்டே. எனக்கு இந்த மனிதரை இன்று ரொம்பப் பிடித்தது.

ஜூன் 17

மழை விட்டது. புழுக்கம். தலைவலி. ரேஷன் கடை நாளைக்கு.

பொ.காரரின் குரல் செய்தி:

"வேற எதையோ அறுத்துக் காட்டி என்னைய ஏமாத்தப் பாத்தீங்களே அம்மணி. நீங்க தரலீன்னா கெடைக்காதுங்களா? வேறொருத்தருகிட்ட அதே காசு கெடச்சுருச்சு. பணமும் கட்டியாச்சு. அவரு நேர்மையான மனுசனுங்க. பாருங்க."

கூடவே அந்த விளம்பரத்தின் படம். பெரிதாக்கிப் பார்த்தேன். ஏலத்துக்காக நான் எடுத்துப் போட்ட படம். காசைப் பிடித்திருப்பது என் விரல், நகத்தில் பெருநாள் மருதாணியோடு.

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.